கறுப்பு நூல் கட்டிய கண்கள்

ஏப்ரல் 4

அருமை மருமகள் முட்டைக்கண்ணிக்கு, மாமா எழுதிக்கொள்வது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கடிதத்தைப் படி, பிறகு கண்களை எடு. கண்கள் எங்கும் ஓடிவிடாது. கடிதம் ஐஸ் தண்ணீரில் நனைந்தால் என் கையெழுத்தின் அழகு போய்விடும்.

ஏன் போனில் பேசாமல் எழுதுகிறேன் என்று உன் ஆராய்ச்சிக் கூடத்தில் யாராவது கேட்டால் உள்ளதைச் சொல். உனக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம், பெண், யானைக்கே கண் ஆபரேஷன் செய்தவள் என்று ஒரு வார்த்தை சொன்னேன். உன் பெருமைக்காகச் சொன்னதுதான். அவர்கள் காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். உன் அம்மா, "இனிமே உன் குரல் இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றாள். சரி அக்கா என்றேன். நான் வாக்குத் தவறாதவன். குரல்தானே கேட்கக் கூடாது? எழுத்து வரக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

இந்த முறை காளை, பன்றி, கோழி அனுப்பியிருக்கிறேன். ஆடு கொஞ்சம்தான். காரணம் சொல்கிறேன். ஆட்டைத்தான் முதலில் அறுப்பார்கள். விடிகிற நேரத்தில் அறுப்புக் கூடத்துப் பெரிய பல்புக்குக் கீழே நின்று, நீ சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொரு கண்ணாகத் தூக்கிப் பார்க்கிறேன். முன்பக்கம் அந்தக் கண்ணாடித் தோல் பளிச்சென்று இருந்தால் பின்னால் வால் மாதிரித் தொங்கும் நரம்பில் வெள்ளை நூல். மங்கியிருந்தால் கறுப்பு நூல். கறுப்பு நூலை நீ கேட்பதில்லை, அதனால் கழித்துவிடுகிறேன். இப்போது வரும் ஆடுகளில் பாதிக்கு மேல் கறுப்பு நூல்தான். ஆட்டுக்கு என்ன வந்ததோ.

நான் உள்ளே நுழைந்தாலே கசாப்புக்காரர்கள், "கண் டாக்டர் வந்துட்டாரு, வழி விடுங்கப்பா" என்கிறார்கள். அவ்வளவு மரியாதை. யானைக் கண்ணுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். சர்க்கஸ் மேனேஜர் ஒருவர் நமக்கு நெருக்கம். யானை இன்னும் சாகவில்லை, அது ஒன்றுதான் தாமதம்.

நம் பழைய கறி வேன் நன்றாக ஓடுகிறது. பல் முளைக்கிற வயதில் அதன் சாவியின் பிளாஸ்டிக் தலையை நீ கடித்து வைத்தாயே, அந்தத் தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. புதுச் சாவி போடச் சொன்னாள் உன் அத்தை. போடமாட்டேன் என்றுவிட்டேன்.

இப்படிக்கு,
பருந்துக் கண்ணும் சிங்க நெஞ்சும் கொண்ட உன் தாய்மாமன்


ஏப்ரல் 7

அன்புள்ள மாமாவுக்கு,

பெட்டி வந்தது. பஸ் தாமதம் என்றார்கள். பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண்கள் கெட்டுவிடுமோ என்று ஒரு பயம், பஸ்ஸுக்கு ஏதாவது ஆயிற்றோ என்று ஒரு பயம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

பன்றிக் கண்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவினீர்களா? தயவுசெய்து வேண்டாம் மாமா. அந்தக் கண்ணாடித் தோல் (நாங்கள் கருவிழிப்படலம் என்கிறோம்) தண்ணீரைக் கண்டால் பஞ்சு மாதிரி உறிஞ்சி உப்பிவிடும். உப்பினால் தடிப்பு மாறிவிடும். தடிப்பைத்தானே நான் அளக்கிறேன். காளைக்குத் தடிமன், முயலுக்கு மெல்லிசு, நமக்கு இடைப்பட்டது. இந்த வரிசையில் ஒரு மிருகம் தப்பினாலும் பேராசிரியை என்னை முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிடுவார்.

கோழிக் கண் எதற்கு என்று போன தடவை கேட்டிருந்தீர்கள். மேல்தோலுக்கு அடியில் தனியாக ஒரு அடுக்கு நமக்கு உண்டு. கோழிக்கும் உண்டு. பன்றிக்குக் கிடையாது, பூனைக்கும் கிடையாது. இதைக் கேட்டுவிட்டுக் கோழி நமக்குச் சொந்தம் என்று சந்தையில் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

ஆட்டுக் கண்தான் எனக்கு முக்கியம். ஜூன் மாதம் ஆய்வுக் குழுவின் முன் நின்று பேச வேண்டும். ஆடு இல்லாமல் என் ஒப்பீட்டில் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். எப்படியாவது பாருங்கள்.

அம்மா உங்களைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. "அந்தப் பெட்டி ஒழுங்கா சாப்பிடுதாமா?" என்று மட்டும் கேட்டாள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 18

அருமை மருமகளுக்கு,

கோழி விஷயத்தைச் சந்தையில் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில்தான் சொன்னேன்.

உன் அம்மாவிடம் சொல், பெட்டி மூன்று வேளையும் சாப்பிடுகிறது.

இப்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார். உன் மாமா ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். படித்தவர்கள் பத்து வருஷம் கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு தேடினாலும் கிடைக்காத சங்கதி. ஆட்டின் கண் காலையில் மங்கும், மதியத்தில் தெளியும்.

எப்படிக் கண்டேன் தெரியுமா? விடியற்காலை அறுப்பில் பார்த்தால் ஆட்டுக் கண், மாட்டுக் கண் எல்லாம் பால் ஊற்றின மாதிரி. போன வாரம் ஏதோ விருந்துக்கென்று மதியம் ஒரு தடவை அறுத்தார்கள். சும்மா எட்டிப் பார்த்தேன். அத்தனையும் பளிங்கு. சாயங்காலம் மீன் கடைக்குப் போனேன். மீன் கண்ணும் பளிங்கு. ஒரு குட்டிச் சுறாவும் கிடந்தது. நீ கழுவாதே என்றதால், கழுவினால் என்னதான் ஆகும் பார்க்கலாம் என்று அதன் கண்ணைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். உப்பவே இல்லை. பன்றி உப்புகிறது, சுறா உப்பவில்லை. என்னை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொல் உன் பேராசிரியையை.

காலை மங்கலுக்குக் காரணம் தீவனக் கலப்படம் என்பது என் கருத்து. ராத்திரி தின்றது காலையில் கண்ணுக்கு ஏறுகிறது, வெயில் பட்டதும் இறங்குகிறது. கசாப்புக்காரர் ஒருவர் பல்புக்குக் கீழே ஒரு கண்ணைப் பிடித்துக்கொண்டு, "இதுல என்னண்ணே மங்கல்? நல்லாத்தானே இருக்கு" என்றார். கத்தி பிடிக்கிற கை வேறு, கண் பார்க்கிற கண் வேறு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனால் கோடையிலும் விடியற்காலை என்ன பனி என்கிறாய். இந்த ஊரில் இப்படி நான் கண்டதே இல்லை. ரோடே தெரியாத பனி. அதைப் பிளந்துகொண்டு வேன் ஓட்டுகிறேன். முன் சீட்டில் உன் அத்தை தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வருகிறாள், அவளை வேலைக்கு ரொட்டிக் கடையில் இறக்கிவிட்டுத்தான் அறுப்புக் கூடம். வேறு டிரைவராக இருந்தால் வண்டியை ஓரங்கட்டி அழுதிருப்பான். நேற்று சந்தைக் கேட் சற்று முன்னால் வந்து வேனை இடித்துவிட்டது. கேட்டுக்குத்தான் சேதம் அதிகம்.

இப்படிக்கு,
பனியைக் கிழிக்கும் பருந்து


ஏப்ரல் 21

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிரித்துவிட்டுப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பேராசிரியையிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் பார்த்தாங்க இதை?" என்றார். எங்கள் சேகரிப்பாளர் என்றேன். "கருவிழிப்படலம் ராத்திரி கொஞ்சம் உப்பி, பகல்ல வடியறது தெரிஞ்சதுதான். ஆனா கண்ணுக்குத் தெரியற அளவு மங்கும்னு யாரும் சொல்லலையே. அந்த மங்கின கண்ணையும் வரவழைச்சு அளந்து பாரு. தனி அத்தியாயமே எழுதலாம்" என்றார்.

அதனால் கறுப்பு நூல் கட்டியதை இனிக் கழிக்காதீர்கள். எல்லாவற்றையும் அனுப்புங்கள். நூல் மாறாமல் கட்டுங்கள், அதுதான் உயிர்.

சுறாவைப் பற்றி நீங்கள் பார்த்தது சரி. அதன் படலத்தில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தையல் போட்ட மாதிரி நார்கள் ஓடுகின்றன. மெத்தைக்குக் குறுக்கே தையல் போடுவதில்லையா, அப்படி. அதனால் தண்ணீர் நுழைந்தாலும் அது உப்ப முடியாது. நமக்கு அந்தத் தையல் கிடையாது.

ராத்திரியெல்லாம் இதே நினைப்பாக இருக்கிறது. நிஜமாகவே இது புதியதாக இருந்தால்? தப்பாக இருந்தால் எல்லார் முன்னாலும் நான் என்ன ஆவேன்?

கேட்டில் இடித்ததில் அத்தைக்கு ஒன்றும் இல்லையே? அந்தப் பனியில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். கோடையில் என்ன பனி மாமா அது?

உங்கள் மருமகள்


மே 2

ஆராய்ச்சித் திலகம் முட்டைக்கண்ணிக்கு,

தனி அத்தியாயம் என்றதும் எனக்கு உடம்பு இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டது. அத்தியாயத்துக்குப் பேராசிரியை பேர் வேண்டாம், என் பேர் போதும். உன் பேரைக் கீழே சின்னதாகப் போடலாம்.

பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறேன். கறுப்பு நூல் உருண்டை ஒன்று முழுதாகத் தீர்ந்துவிட்டது. விடியற்காலையில் வெள்ளை நூலுக்கு வேலையே இல்லை. இன்னொரு அதிசயமும் எழுதிக்கொள். அறுப்புக் கூடத்துப் பல்பைச் சுற்றி இப்போதெல்லாம் எனக்கு வட்டமாக ஒரு வானவில் தெரிகிறது. ஏழு வண்ணமும் எண்ணலாம். பக்கத்தில் நிற்பவனைக் கேட்டால், "எங்கண்ணே?" என்கிறான். பழகின கண்ணுக்குத்தானே தெரியும். கண்ணையே பார்த்துப் பார்த்து என் கண்ணுக்குக் கூடுதல் சக்தி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உன் அத்தைக்குத்தான் பார்வை கெட்டுவிட்டது. விடியற்காலை, "பாரு, எப்படிப் பனி கொட்டுது" என்றால், "எங்கங்க பனி?" என்று திருதிருவென்று விழிக்கிறாள். பாவம், வயசாகிவிட்டது. அவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். எந்தக் கடை நல்ல கடை என்று எழுது. செலவைப் பற்றிக் கவலைப்படாதே, அவளுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறேன்.

சந்தைக் கேட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் வந்து இடித்தது.

இப்படிக்கு,
காலை மங்கல் மாமேதை


மே 5

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். நடுவில் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள்.

கறுப்பு நூல் கட்டிய கண்களை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டேன். அவற்றில் ஒன்றுகூட மங்கலாக இல்லை. வெள்ளை நூலுக்கும் கறுப்பு நூலுக்கும் தடிப்பில் வித்தியாசமே இல்லை. வழியில் தெளிந்திருக்குமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் செத்த கண் வழியில் தெளியாது மாமா, நேரம் ஆக ஆக மங்கத்தான் செய்யும். அப்படியானால் நீங்கள் கையில் எடுத்தபோதும் அவை தெளிவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நூலை மாற்றிக் கட்டிவிட்டீர்கள் என்று உங்கள்மேல் கோபம் வந்தது. உங்கள் பழைய கடிதங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கசாப்புக்காரர், நல்லாத்தானே இருக்கு என்றாராம். பல்பைச் சுற்றி வானவில், பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை. காலையில் ரோடு தெரியாத பனி, அத்தைக்கு இல்லை. மதியம் எல்லாம் பளிங்கு. நான் ஆட்டின் கண்ணில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பல்புக்குக் கீழே இரண்டு கண்கள் இருந்தன. கையில் இருந்தது ஒன்று, பார்த்தது ஒன்று.

மாமா, பனி இல்லை. கண்ணில்தான் மங்கல். உங்கள் கருவிழிப்படலம் ராத்திரி உப்பிக்கொள்கிறது, பகலில் மெல்ல வடிகிறது. இதற்கு ஒரு நோய்ப் பேர் இருக்கிறது, அதை டாக்டர் சொல்லட்டும். நான் வெறும் மிருகக் கண் பார்க்கிறவள், என் கணிப்பு தப்பாக இருந்தால் உங்கள் காலில் விழுகிறேன். ஆனால் அதுவரை விடியற்காலையில் வேனை எடுக்காதீர்கள். அத்தையை முன் சீட்டில் வைத்துக்கொண்டு எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த ரோட்டில் சந்தைக்கு நடந்து போகிறவர்கள் எத்தனை பேர்.

குடும்பத்தில் வரக்கூடிய நோய் இது, அம்மாவுக்கும் வருமோ என்று அவளை விளக்கைப் பார்க்கச் சொன்னேன். வட்டம் ஏதாவது தெரியுதாம்மா என்றேன். "விளக்கு தெரியுது. உனக்கு என்ன ஆச்சு?" என்றாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மே 9

மருமகளுக்கு,

ஆட்டுக்குக் கண் பார்க்கச் சொன்னால் மாமனுக்கே கண் பார்க்கிறாய். நல்லது. படிப்பு ஏறினால் இப்படித்தான்.

உன் கடிதம் வந்த அன்றே நம் பெரிய கண்ணாடிக் கடைக்குப் போனேன். சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருந்தார்கள். மேலிருந்து கீழே கடகடவென்று படித்தேன். கடைசி வரியையும் தாண்டி, அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பேரையும் படித்தேன். கடைக்காரர் வாயைப் பிளந்துவிட்டார். "ஐயா, உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். என் வயதில் இப்படி ஒரு பார்வையை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லையாம். இதையெல்லாம் அவர் எழுதித் தருவதாகவும் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

அப்படியே மங்கல் என்று வைத்துக்கொள்வோம். உன்னிடம்தான் பெட்டி பெட்டியாக நான் அனுப்பின கண் இருக்கிறதே. அதில் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துவிட வேண்டியதுதானே. முயல் கண் நல்ல கண் என்று நீதானே ஒரு தரம் எழுதினாய். முயல் வை. ஓட்டத்துக்கும் உதவும்.

பெட்டியில் கண் இல்லை, ஐஸ் மட்டும் வைத்துக் காலியாகத்தான் அனுப்புகிறேன். பார்க்கத் தெரியாதவன் கட்டின நூல் உனக்கு எதற்கு?

மாமா


மே 12

அன்புள்ள மாமாவுக்கு,

காலிப் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் உருகி அடியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கண்ணாடிக் கடைக்கு எந்நேரத்துக்குப் போனீர்கள்? மதியம்தானே? கடை திறக்கிறதே அப்போதுதான். தூங்கி எழுந்த முகத்தோடு அந்த அட்டையைப் படித்திருந்தால் நான் ஒன்றும் பேசமாட்டேன்.

முயலைப் பற்றி நான் சொன்னது வேறு. படலத்தின் ஆக உள்பக்கத்தில் ஒரே ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. படகில் ஓட்டை விழுந்தால் ஒருவர் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பாரே, அந்த வேலைதான் அவற்றுக்கு. முயலுக்கு இறைக்கிற ஆள் செத்தால் புது ஆள் முளைப்பான். நமக்கு முளைக்கமாட்டான். பிறந்தபோது இருந்த ஆட்களை வைத்துக்கொண்டே கடைசிவரை இறைக்க வேண்டும். உங்கள் படகில் ஆள் குறைந்துவிட்டது. கண் மூடியிருக்கிற ராத்திரியில் தண்ணீர் ஏறிவிடுகிறது. இப்போது மதியத்துக்குள் வடிகிறது. பிறகு சாயங்காலம் ஆகும். பிறகு வடியாது.

முயல் கண்ணை வைக்க முடியாது மாமா. பன்றிக் கண்ணை வைக்க எங்கெங்கோ முயன்று பார்க்கிறார்கள். அதெல்லாம் உங்களுக்கு இன்று உதவாது. மனிதர் கண்தான் வேண்டும். செத்துப்போன யாரோ கொடுத்துவிட்டுப் போனது. அதைப் பற்றித்தான் உங்களுக்குப் பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனையோ கண்களைக் கையில் எடுத்தவர் நீங்கள். இருந்தாலும் பயமாகத்தான் இருக்கும். எனக்கே பயமாக இருக்கிறது.

இங்கே கண் ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டேன். காலை நேரத்தில் வந்து காட்டச் சொல்கிறார்கள். மங்கலாக இருக்கும்போதே பார்க்க வேண்டுமாம். முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

போன் அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. அத்தைக்கு எழுதிவிடலாமா என்று பேனாவை எடுத்தேன், வைத்தேன். நீங்களே சொல்வீர்கள் என்று நம்புகிறேன். வேன் சாவியை எனக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் வார்த்தையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் சாவி இருந்தால் நான் தூங்குவேன்.

உங்கள் மருமகள்


மே 20

என் கண்ணின் மணியான மருமகளுக்கு,

வென்றுவிட்டாய். ராஜாக்கள் நாட்டைக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனதை எல்லாம் படித்திருப்பாய். உன் மாமன் இன்று வேனைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நடந்தான். சந்தையே எழுந்து நின்றது. மீன்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, நீங்க ஓட்டாத வண்டியில வர்ற கறியை நாங்க திங்கவா?" என்று கசாப்புக்காரர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். நான்தான் எல்லாரையும் சமாதானப்படுத்தினேன்.

அத்தையிடமும் சொல்லிவிட்டேன். முழுதாகச் சொல்லவில்லை, கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். வண்டிக்கு ஓய்வு தேவை என்றேன்.

நீ கேட்டபடி இந்தப் பெட்டியில் சாவி இருக்கிறது. இனி நிம்மதியாகத் தூங்கு. ஆஸ்பத்திரிக்கு அடுத்த மாதம், அதற்கு அடுத்த மாதம், எப்போது வேண்டுமானாலும் வரலாம், அவசரம் இல்லை. சாவிதான் உன்னிடம் வந்துவிட்டதே. ஆட்டுக் கண்ணும் வைத்திருக்கிறேன். நூல் கட்டவில்லை, நீயே பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
முடி துறந்த மாமன்


மே 22

அன்புள்ள மாமாவுக்கு,

சாவி வந்தது. அது அறுப்புக் கூடத்து ஐஸ் அறையின் பூட்டுச் சாவி, எனக்குத் தெரியாதா? தலையில் பிளாஸ்டிக்கே இல்லை. என் பல் தடம் எங்கே?

திட்டப்போவதில்லை. திட்டுகிற தெம்பு எனக்கு இல்லை. பெட்டியைத் திறந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தாள். என்ன சாவி என்று கேட்டாள். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சாவியை வாங்கிப் பார்த்தாள். "சின்ன வயசுலயும் இப்படித்தான். மாத்திரையைக் கொடுத்தா முழுங்கிட்டேன்னு வாயைத் திறந்து காட்டுவான். நாக்குக்கு அடியில இருக்கும்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். சமையல் கருகியது. அதையும் அவள் பார்க்கவில்லை.

குழு முன்னால் பேசுவது தள்ளிப் போய்விட்டது. காலை மங்கல் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன் என்று பேராசிரியையிடம் சொன்னேன். ஏன் என்றார். ஆட்டில் தப்பில்லை, அளவிலும் தப்பில்லை, பார்த்த கண்ணில்தான் என்றேன். "அப்படின்னா ஆட்டை விட்டுட்டு முதல்ல அவரைப் போய்ப் பாரு" என்றார்.

நாளைக் காலையும் வேனை எடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதியதில் பாதி பெருமை, பாதி கதை. அதையெல்லாம் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. இது ஒன்றில் மட்டும் கதை வேண்டாம். காலையில் அத்தையை ஒரு கேள்வி கேளுங்கள். பனி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வதை ஒரு முறை நம்புங்கள்.

உங்கள் முட்டைக்கண்ணி


மே 27

மருமகளுக்கு,

நேற்றுக் காலை அத்தையிடம் கேட்டேன். ரோட்டில் பனி இருக்கா என்றேன். இல்லை என்றாள். எனக்கு இருந்தது.

முன்னால் ஏதோ தூண் மாதிரித் தெரிந்தது. அத்தை, "நிறுத்துங்க" என்று கையைப் பிடித்தாள். நிறுத்தினேன். தூண் இல்லை. ஒரு அம்மா தலையில் கூடையோடு நின்றிருந்தார். வேனுக்கும் அவருக்கும் நடுவில் என் கை நுழைகிற இடம்தான் இருந்தது. அவர் கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். வெகுநேரம் என்னால் இறங்க முடியவில்லை.

வேனை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு இருவரும் நடந்து வந்தோம். வழியில் அத்தையிடம் முழுதாகச் சொன்னேன். அவள் என் கையை விடவில்லை. மீன்காரம்மா அழவில்லை, கசாப்புக்காரர்கள் கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை. போன கடிதத்தில் நான் எழுதினது எதுவும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் வருகிறோம். ஆஸ்பத்திரிக்கு நீ கூட வர வேண்டும். வேறொருவர் கண்ணை வைப்பது பயமாகத்தான் இருக்கிறது, அதை அப்புறம் பேசலாம். உன் அம்மாவும் வந்தால் நான் அவளிடம் பேசமாட்டேன், வாக்கு வாக்குதான். அவள் பேசலாம்.

பெட்டியில் ஐஸ் வைக்கவில்லை. உள்ளே வேன் சாவி இருக்கிறது, தலையைத் தடவிப் பார், உன் பல் தடம் கிடைக்கும். வேறு சாவி இருக்கிறதா என்று கேட்பாய். இருந்தது, அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

சாவியில் கறுப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

மாமா